வேண்டாத மயிரும் விலைக்கு வந்த வெட்கமும்

சிரம்பான் நகரின் கடைத்தெருக்களில் அழகு நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பவர், ஒரே தொடரை மீண்டும் மீண்டும் காண்பர். ‘தேவையற்ற ரோமங்கள் அகற்றப்படும்’ என்பதே அத்தொடர். பலகையில் உள்ளது கைப்பேசித் திரையிலும் உண்டு. தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இத்தொடரைச் சற்றே இலக்கணக் கண்கொண்டு நோக்குதல் நன்று. ‘தேவையற்ற’ என்பது பெயரெச்சம். யாருக்குத் தேவையற்றது? தொடரில் விடை இல்லை. ‘அகற்றப்படும்’ என்பது செயப்பாட்டுவினை. அகற்றுபவர் யார்? அகற்றுவதால் பயன் பெறுபவர் யார்? அதற்கும் விடை இல்லை. தீர்ப்பு வழங்கியவரும் மறைந்து நிற்கிறார். கூலி பெறுபவரும் மறைந்து நிற்கிறார். குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டிருப்பது மயிர் ஒன்றே.

இதனைச் சிறு செய்தி என்று ஒதுக்குவோர் உளர். தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலமே கேள்விக்குறியாகி நிற்கும் வேளையில், கைம்மயிரும் கால்மயிரும் ஒரு கட்டுரைக்குப் பொருளா என்று முகம் சுளிப்பர். சுளிக்கட்டும். நெகிரி செம்பிலானின் தோட்டங்களிலும், தோட்டங்கள் அழிந்த இடத்தில் எழுந்த தாமான்களிலும் வளரும் பெண்பிள்ளை, உடற்கல்வி வேளையில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பதற்கும், வலைப்பந்துக் குழுவிலிருந்து காரணம் சொல்லாமல் விலகிக்கொள்வதற்கும் சில வேளைகளில் இந்தச் சிறு செய்தியே காரணமாகிறது. அவள் வேலைக்குச் சென்றபின் முதல் சம்பளத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதற்கும், அவள் உடலில் வளரும் ஒரு நோய் ஏன் ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் கிடக்கிறது என்பதற்கும் விடை இதனுள்ளேதான் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘மயிர்’ என்ற சொல்லை வள்ளுவர் கூசாமல் ஆண்டார். மானம் என்னும் அதிகாரத்தில் கவரிமாவின் மயிரை மானத்துக்கே உவமையாக்கினார். கூடாவொழுக்கத்தைக் கண்டித்தபோது, உலகம் பழிக்கும் செயலை விட்டவனுக்குத் தலையை மழிப்பதாலும் சடையை வளர்ப்பதாலும் ஆவது ஒன்றுமில்லை என்று முடித்தார். இன்றோ, அக்குறட்பாக்களை வகுப்பில் படிக்கும் ஆசிரியர் அச்சொல் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார். மாணவர் வாய்பொத்திச் சிரிக்கின்றனர். குறளில் மானத்துக்கு உவமையாய் நின்ற சொல் தெருவில் வசைச்சொல்லாய்த் திரிகிறது. விளம்பரம் எழுதுவோர் ‘ரோமம்’ என்ற வடசொல்லின் நிழலில் ஒதுங்கியதற்கும் இதுவே காரணம். சொல்லையே சொல்லக் கூசும் சமுதாயத்தில், அச்சொல் குறிக்கும் பொருளைச் சுமந்து திரியும் பெண் கூசாமல் வேறு என்ன செய்வாள்?

பெண்ணின் உடலில் மயிர் காணப்படுதல் இழிவு என்பது தமிழர் தொன்மரபு என்று வாதிடுவோரும் இருக்கின்றனர். எந்த மரபு என்று அவர்கள் காட்ட வேண்டும். தலைவியைப் பாதம் முதல் கூந்தல் வரை வருணித்த பிற்காலப் புலவர்கள், உந்தியிலிருந்து மேலெழும் மெல்லிய மயிரொழுங்கையும் ஓர் அழகாகவே எண்ணிப் பாடினர். அதற்கென்று உவமை மரபுகளையும் வகுத்தனர். அவ்வருணனைகளில் மற்றக் குறைகள் ஆயிரம் இருக்கலாம்; பெண்ணுக்கு மயிரே முளைக்காது என்ற பொய் அவற்றில் இல்லை. கோயிற் சிற்பங்களைச் சான்று காட்டுவோரும் உண்டு. கல்லில் கைம்மயிரைச் செதுக்குவது எந்தச் சிற்பிக்கும் இயலாத செயல் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதற்காக, மரபு முழுவதும் மாசற்றது என்று சாதிப்பதும் நேர்மையாகாது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பெண்கள் மஞ்சள் கிழங்கைக் கல்லில் உரைத்து முகத்திலும் கையிலும் பூசிக் குளித்தனர். கஸ்தூரி மஞ்சளும் பயற்றம் மாவும் சேர்த்துத் தேய்த்தனர். வேலியோரம் முளைத்த குப்பைமேனி இலையை மஞ்சளுடன் அரைத்து மேலுதட்டில் தடவினர். பிறந்த குழந்தையின் நெற்றியிலும் முதுகிலும் மாவுருண்டையை உருட்டி மென்மயிர் எடுத்த பாட்டிமார் ஒவ்வொரு லயத்திலும் இருந்தனர். (அம்மென்மயிர் பிறந்த சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும், காலம் செய்த வேலைக்குப் பாட்டிமார் புகழ் பெற்றனர்.) மாவைத் தேய்ப்பதால் நுண்மயிர் சிறிது நீங்கும் என்பது உண்மை, மஞ்சள் மயிர்க்காலை அழித்துவிடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மணப்பெண்ணின் மேலுதட்டைக் கூர்ந்து நோக்கித் தமக்குள் முணுமுணுத்த கொடுமையும் அக்காலத்ததே. ஆகவே வெட்கம் என்பது முழுவதும் வெளியிலிருந்து இறக்குமதியான சரக்கு அன்று.

எனினும் அன்றைய வெட்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அது முகத்தளவில் நின்றது. மணவினையை ஒட்டி எழுந்து அதனுடன் அடங்கியது. முழங்கையும் முழங்காலும் அக்குளும் முதுகும் அதன் ஆட்சிக்கு உட்படவில்லை. மஞ்சள் வாங்க எவரும் தவணைக் கடன் எடுத்ததும் இல்லை.

தோட்டத்துப் பெண்ணின் கைகால்களுக்கு வேறு வரலாறு உண்டு. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவள் அவள். கொசுவுக்கும் அட்டைக்கும் அஞ்சி முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் அணிந்தாள். தலையைத் துணியால் மூடினாள். மங்குகளிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றும்போது கையில் சிந்திய பால் வெயிலில் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனை உரித்தெடுக்கும்போது கைம்மயிரும் உடன் வரும். இன்று அழகு நிலையத்தில் சூடான மெழுகைப் பூசித் துணிப்பட்டையை ஒட்டி இழுப்பதும் ஏறத்தாழ அதே செயல்தான். தாய்க்கு அது கூலி வேலையின் துன்பம். மகளுக்கு அது கூலியைக் கொடுத்து வாங்கும் துன்பம்.

அத்தோல் பட்ட வேறு துன்பம் ஒன்றும் உண்டு. இரப்பர் மரங்களின் இடத்தில் செம்பனை வந்தபோது, களைக்கொல்லி தெளிக்கும் வேலை பெருமளவு பெண்களின் தலையில் விழுந்தது. முதுகில் சுமந்த தோம்பிலிருந்து கசிந்த பராகுவாட் அவர்தம் முதுகையும் தொடையையும் நனைத்தது. தோல் வெந்து கொப்புளிப்பதும், நகங்கள் நிறம் மாறிக் கழல்வதும், மூக்கிலிருந்து குருதி வடிவதும் அந்நஞ்சின் அறியப்பட்ட விளைவுகள். தெனகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்புடன் சேர்ந்து 2002ஆம் ஆண்டில் மலேசியத் தோட்டங்களின் நிலையை ஆய்ந்து வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பராகுவாட்டைப் படிப்படியாக ஒழிக்க அரசாங்கம் முடிவு செய்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் தோட்டத்துப் பெண்ணின் தோல் மென்மையாக இருக்கிறதா என்று எந்த விளம்பரமும் கேட்கவில்லை. அன்று அவளிடம் காசு இல்லை. ஆதலால் அவள் தோலைப் பற்றிய அக்கறையும் எவருக்கும் இல்லை. அவள் மகள் செனவாங் தொழிற்பேட்டைக்கும் நீலாய்ப் பேரங்காடிக்கும் வேலைக்குச் சென்று மாதச் சம்பளம் பெறத் தொடங்கிய பின்னரே அந்தத் தோலில் முளைப்பது ‘தேவையற்றது’ ஆயிற்று.

இவ்வணிகம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தால் அதன் இயல்பு விளங்கும். அமெரிக்காவில் கில்லெட் நிறுவனம் பாதுகாப்புச் சவரக் கத்தியை 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆண்களின் முகம் ஓர் அளவுக்குத்தான் பிளேடுகளைத் தின்னும். பெண்களும் மழிக்கத் தொடங்கினால் சந்தை விரியுமன்றோ? 1915இல் பெண்களுக்கென்று தனிக் கத்தி வெளிவந்தது. கையில்லாச் சட்டை நாகரிகமாகிய அதே காலத்தில், அக்குள்மயிர் அருவருப்பானது என்ற விளம்பரங்கள் பெண்கள் ஏடுகளில் தோன்றின. அதுவரை பெரும்பாலான அமெரிக்கப் பெண்கள் அதனை ஒரு குறையாக எண்ணியதில்லை. பின்னர்ப் பாவாடை உயர்ந்தது, கால்மயிரும் குற்றவாளியாயிற்று. உடையில் வந்த ஒவ்வொரு மாற்றமும் உடலில் ஒரு புதிய குறையைக் கண்டுபிடிக்க வாய்ப்பளித்தது.

அக்குறையைப் போக்கக் கொடுத்த விலையோ கொடிது. 1930களின் தொடக்கத்தில் அங்கே ‘கோரெம்லு’ என்ற பசை பெருவாரியாக விற்பனையாயிற்று. அதிலிருந்தது தாலியம், எலிமருந்தில் கலக்கும் நஞ்சு. மேலுதட்டு மயிரைப் போக்க அதனைத் தடவிய பெண்களுக்குத் தலைமயிரே உதிர்ந்தது, நரம்புகள் தளர்ந்தன, சிலர் பார்வை மங்கினர். இழப்பீட்டு வழக்குகள் குவியவே 1932இல் அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. அதற்குச் சற்று முன்னதாக, ஊடுகதிரைப் பாய்ச்சி மயிரை உதிர்க்கும் நிலையங்கள் பல நகரங்களில் நடந்தன. வலியில்லை, தழும்பில்லை என்று சொல்லி அழைத்தனர். கதிர்பட்ட தோல் ஆண்டுகள் கழித்துச் சுருங்கிப் புண்ணாகி, சிலருக்குப் புற்றாக மாறியது. அங்கே சென்றோருள் பலர் செல்வர் அல்லர். தட்டச்சு செய்தும் கடையில் நின்றும் பிழைத்த பெண்கள். சிரம்பானில் பேருந்திறங்கும் பெண்ணுக்கு அவர்கள் அயலார் அல்லர்.

அந்தக் காலம் போயிற்று, இன்று அறிவியல் வளர்ந்துவிட்டது என்பர். வளர்ந்தது உண்மை. எந்த நிறத்துத் தோலை மனத்தில் வைத்து வளர்ந்தது என்பதே கேள்வி. நூலால் பிடுங்குவதும் மெழுகால் உரிப்பதும் பழைய முறைகள். வலியும், சிலருக்கு மயிர்க்கால் வீக்கமும், மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்வதும் அவற்றின் குறைகள். மயிர்நீக்கும் பசைகள் காரத்தன்மையுள்ள தயோகிளைக்கொலேட்டுச் சேர்மத்தால் மயிரின் புரதப் பிணைப்பைக் குலைத்துக் கரைக்கின்றன. அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசிய பழைய முறைக்கு இது மேல். அரிதாரத்தில் இருப்பது ஆர்சனிக் நஞ்சு. ஆயினும் மயிரைக் கரைக்கும் பொருள் தோலை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்புவது பேதைமை. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வைத்தால் தோலும் வேகும்.

இவற்றையெல்லாம் பின்தள்ளி முன்னே வந்திருப்பது லேசர். இதனைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பணம் கேட்பதும் இதுதான், பெரும்பொய் சொல்வதும் இதுதான். மயிரில் உள்ள மெலனின் என்ற கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடேறுகிறது. அச்சூடு மயிர்க்காலைச் சேதப்படுத்துகிறது. வெள்ளைத் தோலில் கருமயிர் இருந்தால் ஒளி தன் இலக்கை எளிதாக அடையும். கருந்தோலில் அந்நிறமி தோலிலும் நிறைந்திருக்கிறது. ஒளிக்கு மயிர் எது, தோல் எது என்ற வேற்றுமை தெரியாது, தோலும் சூடேறுகிறது. தொடக்கத்தில் வந்த 694 நானோமீட்டர் ரூபி லேசரும், பின்னர் வந்த 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசரும் வெளிர்நிறத் தோலுக்கே ஏற்றவை. ஆழ்ந்து செல்லும் 1064 நானோமீட்டர் என்.டி. யாக் வகையே கருந்தோலுக்கு ஓரளவு தீங்கற்றது. அதுவும் பயின்ற கையில் இருந்தால் மட்டுமே. தவறினால் தீப்புண், கருந்திட்டு, வெண்திட்டு. மதிய வெயிலில் தோட்ட வேலை பார்த்தவர்களின் வழிவந்த பெண், தன் நிறத்துக்கு எந்த அலைநீளம் பொருந்தும் என்று கேட்பதற்கு எங்கே கற்றாள்? வீட்டிலேயே பயன்படுத்தும் ஒளிக்கருவிகளின் கையேட்டில் ஒரு நிற அட்டவணை இருக்கும். அதன் கடைசிக் கட்டங்களில் உள்ள கருநிறத்தோர் இக்கருவியைப் பயன்படுத்தற்க என்ற எச்சரிக்கையும் இருக்கும். இணையத்தில் மலிவு விலைக்கு வாங்குவோருள் அந்த அட்டவணையைப் பார்ப்போர் எத்தனை பேர்?

இங்கே மீண்டும் மொழியாசிரியருக்கு ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் லேசருக்கு வழங்கியிருக்கும் சொல் ‘நிலையான குறைப்பு’ என்பதாகும். ‘நிலையான நீக்கம்’ அன்று. பலமுறை செய்தபின் மயிரின் எண்ணிக்கை குறைந்து நிற்கும் என்பதே அதன் பொருள். தமிழ் விளம்பரங்களில் அது ‘நிரந்தரமாக நீங்கும்’ என்று உருமாறி வருகிறது. குறைப்பும் நீக்கமும் ஒன்றா? வளர்பருவத்தில் உள்ள மயிரை மட்டுமே லேசர் தாக்க வல்லது; மற்றவை உறங்கிக்கொண்டிருக்கும். ஆதலால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஆறு முறை, எட்டு முறை என்று செல்ல வேண்டும். அதன்பிறகும் இயக்குநீர்க் கோளாறு உள்ளவர்க்கு மீண்டும் முளைக்கும். சிலருக்கு, அதுவும் கருநிறத் தோலும் முகமயிரும் உள்ள பெண்கள் சிலருக்கு, லேசர் பட்ட இடத்தைச் சூழ மயிர் முன்னிலும் அடர்ந்து வளர்வதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. மொத்தத் தொகையை முன்கூட்டியே கட்டிய பெண், கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று மேலும் செல்கிறாள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் வீட்டு வாடகைக்கும் பேருந்துக்கும் தம்பி தங்கையர் படிப்புக்கும் போக மிஞ்சுவதைத்தான் அந்நிலையங்கள் ‘எளிய தவணை’ என்ற பெயரில் கேட்கின்றன.

மயிர் நீக்கத்துடன் நிறவெளுப்பையும் சேர்த்துக் கட்டி விற்பது மற்றுமொரு கொடுமை. மயிர் போனபின் தோல் கருத்துத் தெரிகிறது என்று அடுத்த குறையைச் சுட்டிக்காட்டுவர். அதற்கொரு பசை தருவர். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் ஆகியவை கலந்த அழகுப் பசைகளின் பெயர்களைச் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்டுத் தடை செய்துவருகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இதனை எடுத்துக்கூறி வருகிறது. பட்டியல் வெளிவந்த மறுவாரமே வேறு பெயரில் அதே சரக்கு இணையச் சந்தையில் நிற்கிறது.

இனி, எதிர்வழக்காடுவோரின் கூற்றுகளைக் கேட்க வேண்டும். அழகு வணிகத்தின் சார்பாகப் பேசுவோர், ‘இது அவரவர் விருப்பம், பெண்ணின் உரிமை’ என்பர். விருப்பத்தைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. மழித்துக்கொள்ள விரும்பும் பெண் மழித்துக்கொள்ளட்டும். ஆனால் மழிக்காதிருக்கவும் அவளுக்கு உரிமை இருந்தால்தானே அது விருப்பம் எனப்படும்? மழிக்காத கையுடன் அவள் வகுப்பில் அமர்ந்தால் ‘குரங்கு’ என்று பெயர் சூட்டுவர். கடையில் வேலைக்கு நின்றால் மேலாளர் முகம் சுளிப்பார். மாப்பிள்ளை வீட்டார் உதட்டைப் பிதுக்குவர். ஒரு வழியைத் தவிர மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, எஞ்சிய வழியில் நடப்பவளைப் பார்த்து ‘விரும்பிப் போகிறாள்’ என்பது எவ்வகை நியாயம்?

மறுபுறத்தில் நிற்போர் பண்பாட்டுக் காவலர். ‘பெண்ணுக்குக் கல்வியே அழகு, அழகு நிலையத்துக்கு அலைவது சீரழிவு’ என்று மேடையில் முழங்குவர். முழங்குபவரின் மீசை நன்கு கத்தரிக்கப்பட்டிருக்கும். ஆணின் மேலுதட்டில் முளைத்தால் வீரம், பெண்ணின் மேலுதட்டில் முளைத்தால் விகாரம் என்ற கணக்கை அவர் ஒருபோதும் மேடையில் விளக்குவதில்லை. அதே மனிதர் தம் மகனுக்குப் பெண் தேடும்போது ‘சிவப்பாக, லட்சணமாக’ என்று தரகரிடம் சொல்லியனுப்புவார். அழகு நிலையத்துக்குச் சென்றால் ஏளனம், செல்லாவிட்டால் நிராகரிப்பு என்று இருபுறமும் சுவர் எழுப்பி வைத்திருப்பவர்களில் இவரும் ஒருவர். வணிகன் வெட்கத்தை விற்கிறான் என்றால், அவ்வெட்கத்தை வித்திட்டு நீரூற்றி வளர்த்துக் கொடுப்பவர் இவரே.

இவ்விடத்தில் தோட்டத்து முடிதிருத்துநரை நினைக்காமல் இருக்க இயலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் ஒரு முக்காலியும் கண்ணாடியும் பெட்டியுமாக அமர்ந்து ஆண்களுக்கும் சிறுவருக்கும் முடிதிருத்தியவர் அவர். குழந்தைக்கு முதல் மொட்டை அடித்ததும், தைப்பூச நேர்த்திக்குத் தலை மழித்ததும் அவர் கத்தியே. அக்கத்தி பலர் முகத்தையும் தொட்டது. அவர் கால் மட்டும் சில வீடுகளின் நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அவர் தொழிலின் பெயரையே வசையாக்கினர். அத்தொழிலே இன்று குளிரூட்டப்பட்ட அறைக்குள் ‘அழகியல்’ என்ற பெயருடன், சுவரில் சான்றிதழ் மாட்டி நடக்கிறது. தொழில் உயர்வு பெற்றதில் தவறில்லை, உயர வேண்டியதுதான். ஆனால் மனித உடலிலிருந்து மயிரை நீக்குபவனை இழிந்தவன் என்றும், நீக்கப்படாத மயிரை உடைய பெண்ணை இழிந்தவள் என்றும் ஒரே வாயால் சொன்ன சமுதாயம், தன் அளவுகோல் எது என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

ஆசிரியர்களைக் குறித்து இன்னும் கடுமையாகவே பேச வேண்டும். பிராட்வால், கிர்பி, சுவா பெத்தோங், ஜெராம் பாடாங், கெடிஸ் என்று தோட்டங்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இம்மாநிலத்தில் பல. அப்பள்ளிகளில் ஐந்தாம் ஆறாம் ஆண்டிலேயே பூப்பெய்தும் சிறுமியர் இருக்கின்றனர். பட்டப்பெயர்கள் பிறப்பது அப்பருவத்தில்தான். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அவை மும்மொழிகளிலும் பெருகும். ஒரு மாணவன் சகமாணவியின் மேலுதட்டைக் காட்டி நகைக்கும்போது ஆசிரியர் கேளாதவர்போல் இருந்தால் அது ஒப்புதல். தாமும் சேர்ந்து புன்னகைத்தால் அது பாடம். சாதி சொல்லி இழிப்பதும் நிறம் சொல்லி இழிப்பதும் தண்டனைக்குரியவை என்று ஒப்புக்கொள்ளும் பள்ளி, மயிரைச் சொல்லி இழிப்பதை மட்டும் விளையாட்டு என்று விட்டுவிடுவது ஏன்? நன்னெறிக் கல்விக்கு நேரம் ஒதுக்கும் கால அட்டவணையில் இதற்கு ஐந்து மணித்துளி கிடைக்காதா?

இவையனைத்தினும் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அது இந்தச் சிரிப்புக்கும் விளம்பரத்துக்கும் இடையில் மறைந்துபோகிறது. பெண்ணின் முகவாயிலும் மேலுதட்டிலும் மார்பிலும் தடித்த கருமயிர் வளர்வது சிலருக்குப் பிறவி இயல்பு. வேறு சிலருக்கு அது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாற்றின் வெளிப்பாடு. ஆண்மை இயக்குநீர் மிகுவதும், மாதவிலக்குத் தவறுவதும், இன்சுலின் தன் வேலையைச் செவ்வனே செய்ய இயலாமற் போவதும் அக்கோளாற்றின் கூறுகள். கருவுறும் பருவத்துப் பெண்களில் நூற்றுக்கு ஆறு முதல் பதின்மூன்று பேர்வரை இக்கோளாறு உடையவர் என்றும், அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை உலகெங்கும் கண்டறியப்படாமலே இருக்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இன்சுலின் தடையும் அதன் விளைவான நீரிழிவும் தெற்காசிய வழியினரிடம் மிகுதி. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நீரிழிவு உடையவர் 18.3 விழுக்காடு என்றும், இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு என்றும் பதிவாயிற்று. மூவருள் ஒருவர் என்ற நிலைக்கு அது நெருங்கி நிற்கிறது.

பதினைந்து வயதுப் பெண்ணின் முகத்தில் தோன்றிய அந்த மயிர், முப்பது வயதில் வரவிருக்கும் நோய்க்கு முன்னறிவிப்பாக இருந்திருக்கலாம். வீட்டில் மஞ்சள் பூசச் சொன்னார்கள், வகுப்பில் நகைத்தார்கள், நிலையத்தில் லேசர் பாய்ச்சினார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மயிர் நீங்கியது, அறிகுறி அழிந்தது, நோய் உள்ளே இருந்துகொண்டது. திருமணமாகிச் சில ஆண்டுகள் பிள்ளையில்லை என்று மருத்துவமனை வாயிலில் நிற்கும்போதுதான் அதன் பெயரை முதன்முறையாகக் கேட்கிறாள். அப்போதும் ‘மலடி’ என்ற சொல்லை அவளுக்கென்று ஆயத்தமாக வைத்திருப்பவர்கள், முன்பு அவள் மேலுதட்டைப் பார்த்துச் சிரித்த அதே வாயினர்.

தோட்டத்து மருத்துவமனையும் ‘டிரெசரும்’ இருந்த காலத்தில் பெண்கள் இத்தகைய குறைகளை ஓர் ஆடவரிடம் சொல்லக் கூசினர். சொன்னாலும் அதற்கு மருந்து அங்கே இல்லை. இன்று நிலை அதுவன்று. சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் ரந்தாவிலும் பகாவிலும் அரசாங்கச் சுகாதார நிலையங்கள் உள்ளன. பெண் மருத்துவர்களும் உள்ளனர். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. முகத்தில் மயிர் தடிப்பாக வளர்கிறது, மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்று இரண்டு செய்திகளைச் சொன்னால் மருத்துவர் குருதியில் சர்க்கரையையும் இயக்குநீரையும் சோதிக்க எழுதிக் கொடுப்பார். வேண்டுமாயின் தாய் மருத்துவமனைக்கு அனுப்புவார். அவ்விரண்டு செய்திகளையும் அச்சமின்றிச் சொல்லத்தக்க ஒருவர் அவளுக்குப் பள்ளியில் இருக்கிறாரா என்பதே மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வோர் ஆசிரியையும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.